சக்கர வீட்டின் நீர்க் குழாய்கள்

அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலைகளில், மோட்டார் வண்டியின் பின்னால் ஒரு சிறு வீடே உருண்டு செல்வதை நண்பர்கள் பலரும் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். ‘டிராவல் டிரெய்லர்’ என்று அதற்குப் பெயர். நாம் ‘இழுவை வீடு’ என்று சொல்லிக்கொள்வோம். படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரும் அதன் சுற்றுப்புறமும் இவ்வீடுகளைக் கட்டுவதில் பேர்பெற்றவை.

விடுமுறையில் ஊர் சுற்றுவோரின் ஆடம்பரம் என்று மட்டும் இதை எண்ணிவிடலாகாது. 2005-ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி வீடுகளை அழித்தபோது, அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இத்தகைய தற்காலிக வீடுகளில்தான் குடியமர்த்தியது. இன்றும் வாடகை கட்ட இயலாதோர் சிலருக்கு இதுவே நிலையான வீடு. இதன் தரையும் சுவரும் பெரும்பாலும் மெல்லிய மரச் சட்டமும் ஒட்டுப் பலகையுமே. குழாய்கள் ஓடுவதோ அவற்றின் மறைவில். சொட்டுச் சொட்டாகக் கசியும் நீர் மாதக் கணக்கில் பலகையை ஊறவைக்கும். ஒரு நாள், கால் வைத்த இடம் உள்ளே அமுங்கும். அதற்குள் தரை உளுத்துப் போயிருக்கும். ஆகவே கசிவைக் கண்ணால் காணுமுன் அறிவால் கண்டாக வேண்டும். அதற்கான வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இவ்வீட்டுக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, வீட்டோடு பயணம் செய்யும் தொட்டி. அதிலிருந்து நீரை எடுத்துத் தள்ள 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு பம்பு ஒன்று உண்டு. மற்றொன்று, தங்குமிடத்திலுள்ள பொதுக் குழாய். ரப்பர்க் குழாய் ஒன்றினால் அதை வீட்டின் வெளிச்சுவரிலுள்ள வாயோடு இணைத்துவிடுவார்கள். அப்போது பம்புக்கு வேலை இல்லை.

பம்பில் அழுத்தத்தை உணரும் சுவிட்சு ஒன்று இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 45 அல்லது 50 பவுண்டை எட்டியதும் பம்பு தானே நின்றுவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும். பம்பு மீண்டும் ஓடும். 45 பவுண்டு என்பது ஏறக்குறைய 100 அடி உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம். நம் விடுதியின் மேல்தொட்டி அவ்வளவு உயரத்தில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வேகம் விளங்கும்.

அழுத்திய நீர் வந்த வழியே திரும்பாதிருக்க இரண்டு இடங்களில் ஒருவழி வால்வுகள் உள்ளன. பம்புக்குள் ஒன்று, வெளிச்சுவரின் வாயில் ஒன்று. ஊரில் அடிபம்பை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வாஷர் தேய்ந்துபோனால் நீர் கீழே இறங்கிவிடுவதும், ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றி அடிக்க வேண்டியிருப்பதும் நாம் கண்டவையே. அங்கே வாஷர் செய்யும் காவலை இங்கே இவ்வால்வுகள் செய்கின்றன.

இனி நோய்க் குறிகளைப் பார்ப்போம். எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் பம்பு அவ்வப்போது சில விநாடிகள் ஓடி நிற்கிறது. இதன் பொருள் என்ன? அழுத்தம் குறைகிறது, அதாவது நீர் எங்கோ போகிறது. அது போவதற்கு மூன்றே வழிகள் உண்டு. பம்பின் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பலாம். வெளிச்சுவரின் வாய் வழியாக வெளியேறலாம். அல்லது வீட்டுக்குள் கசியலாம். முதலிரண்டும் வால்வின் குறை, வீட்டுக்குக் கேடில்லை. மூன்றாவதுதான் தரையைத் தின்னும் பகை.

மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? அமெரிக்காவிலிருக்கும் என் அத்தான் பழைய இழுவை வீடு ஒன்றை வாங்கினார். இரவில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பம்பு உறுமுவதாகத் தொலைபேசியில் சொன்னார். முதல் சோதனையாக, பம்பை நிறுத்திவிட்டுப் பொதுக் குழாயை ஒரு மணி நேரம் இணைத்து, தொட்டியின் நீர்மட்டத்தைக் கவனிக்கச் சொன்னேன். பம்பின் வால்வு பழுதானால் வெளி நீர் அதன் வழியே பின்னோக்கிச் சென்று தொட்டியை நிரப்பும். மட்டம் உயரவில்லை. அடுத்து, ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓட்டி, வெளிச்சுவரின் வாயைப் பார்த்தார். அதில் சொட்டு நீரும் இல்லை. ஆகவே எஞ்சியது மூன்றாவது வழியே.

பின்னர் வெந்நீர்க் கலத்தை அதன் வால்வுகளால் பிரித்து வைத்தார். அப்போதும் பம்பு ஓடியது; எனவே கலமும் குற்றவாளி அல்ல. கடைசியில் ஒவ்வொரு இணைப்பின் கீழும் உலர்ந்த மெல்லிய காகிதத்தை வைத்தார். கழிப்பறையின் பின்புற இணைப்பிலிருந்த காகிதம் நனைந்தது. புது வாஷர் ஒன்று போட்டதும் பம்பு அமைதியாயிற்று. பலகை ஈரம் பட்டதோடு தப்பியது. இன்னும் ஓராண்டு சென்றிருந்தால் கழிப்பறைத் தரையையே பெயர்க்க நேர்ந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான குறியும் ஒன்று உண்டு. பம்பு ஓயாமல் ஓடுகிறது, தண்ணீரோ வருவதில்லை. தொட்டியில் நீர் இருக்குமானால், பம்புக்கு முன்னுள்ள பகுதியில் காற்று புகுகிறது என்று கொள்ள வேண்டும். வடிகட்டியின் மூடி தளர்ந்திருக்கலாம். குழாயில் கீறல் விழுந்திருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: இப்பகுதியில் ஓட்டை இருந்தால், பம்பு ஓடும்போது நீர் சொட்டாது. உள்ளழுத்தத்தைவிட வெளியே வளிமண்டல அழுத்தம் மிகுதி. ஆகவே காற்றே உள்ளே செல்லும். ஈரத்தைத் தேடுபவர் இவ்வோட்டையைக் காணமாட்டார்.

ஒரு குழாயில் மட்டும் நீர் மெலிந்து வந்தால் அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினால் போதும். எல்லாவற்றிலும் மெலிந்தால் பொது வழியிலுள்ள வடிகட்டியையோ, அழுத்தம் குறைக்கும் கருவியையோ சோதிக்க வேண்டும். அழுத்தம் குறைக்கும் அக்கருவியைத் தொல்லை என்று எறிந்துவிடலாகாது. சில தங்குமிடங்களில் நீரழுத்தம் 100 பவுண்டையும் தாண்டும். இவ்வீட்டின் பிளாஸ்டிக் இணைப்புகள் அதைத் தாங்குவது அரிது.

குழாய்களுக்குப் பெரும்பகை குளிர். நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால், பனி உறைந்த இடத்தில் அல்லாமல் வேறிடத்திலும் வெடிப்பு நேரலாம். இதைத் தவிர்க்கவே குளிர்காலத்துக்கு முன் நீர் முழுவதையும் வடித்துவிட்டு, காற்றால் ஊதுவார்கள்; அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத் திரவத்தைச் செலுத்துவார்கள். மோட்டார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதை ஒருபோதும் விடலாகாது.

வசந்தம் வந்ததும் இன்னொரு மயக்கம் தோன்றும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் குளிர்ந்தே வரும். பழுது ஒன்றும் இல்லை. திரவம் வெந்நீர்க் கலத்துக்குள் போகாதிருக்கக் குளிர்காலத்தில் திருப்பி வைத்த வால்வு அப்படியே இருக்கும். அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, கலம் நிரம்பியதை உறுதி செய்த பின்னரே சூடேற்ற வேண்டும். வெறுங்கலத்தில் மின்சாரம் பாய்ந்தால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் எழுந்தால், தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் தேங்கி நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கலாம். ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைத் தேடலாம்.

நம்மில் சிலர் நாளை மேற்படிப்புக்காக அக்கரை செல்லக்கூடும். மற்றவர்கள் இவ்வீட்டைக் காணாமலே இருக்கவும் கூடும். ஆயினும் முறை ஒன்றுதான். தெரிந்த வழிகள் எத்தனை என்று எண்ணுவது, ஒவ்வொன்றையும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை தரும் சோதனையால் விலக்குவது, எஞ்சியதைப் பிடிப்பது. சோதனைச்சாலையில் நாம் நாள்தோறும் செய்வது இதுவே. சுவரைப் பெயர்க்கச் சுத்தியலைத் தேடுமுன் இம்மூன்றையும் செய்பவருக்கு, பெரும்பாலும் சுத்தியலே தேவைப்படாது.