சாமி வந்ததா, மனநோயா? வித்தியாசம் ஆட்டத்தில் இல்லை!

ஆடி மாதம். அம்மன் கோயில் வாசலில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற, கூட்டத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு உடம்பு நடுங்குகிறது. முடி அவிழ்ந்து விழ, ஆடுகிறார். சுற்றி நிற்பவர்கள் கும்பிட்டுக் குறி கேட்கிறார்கள். திருநீறு பூசியதும் அடங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். அவரை ஊரும் நோயாளி என்பதில்லை, மருத்துவமும் சொல்வதில்லை.

இன்னொரு வீடு. கல்லூரி போகும் பையன் பத்து நாளாகத் தூங்கவில்லை. சாப்பிடக் கூடாதென்று சாமி உத்தரவு போட்டதாகச் சொல்கிறான். அம்மா வைத்த சோற்றில் விஷம் என்கிறான். இவன் சொல்வதும் சாமி பெயரைத்தான். ஆனால், இங்கே கோடங்கியோடு நின்றுவிட்டால் ஆபத்து.

எப்படிப் பிரிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி 11-ல், வேறொரு சக்தி தன்னை ஆட்கொண்டதாக உணரும் நிலையும் ஒரு கோளாறாக இருக்கிறது. ஆனால், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வந்தால் அது கோளாறு அல்ல என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவர் விரும்பாமலே வந்து, கடும் வேதனை கொடுத்தாலோ, வேலையையோ உறவுகளையோ குலைத்தாலோதான் நோய்க் கணக்கு.

ஆக, 'வந்தது நிஜமாகவே சாமியா?' என்பது டாக்டரின் கேள்வியே இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பழையபடி திரும்பி வருகிறாரா என்றுதான் விசாரிப்பார். வலிப்பு போன்ற மூளைப் பிரச்னை இருக்கிறதா என்றும் பார்ப்பார். 'எப்பவும் இப்படித்தான் ஆடுவாளா?' என்று ஊர்ப் பாட்டிகள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே பரிசோதனைதான்! கணவர் இறந்த சில நாள்களில் அவர் குரல் கேட்டதாக ஒரு மனைவி சொன்னால், அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஆள் நல்ல பக்தராகவும் நோயாளியாகவும் இருக்கலாம். பக்தியைப் பார்த்து நோயைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அதற்காக, கோயிலுக்குப் போவதே வீண் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, கடும் மனநோய் உள்ளவர்கள் உட்பட 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன. 2002-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதை வெளியிட்டது. கட்டிப்போடாத, அடிக்காத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

'சந்திரமுகி'யில் டாக்டரும் மந்திரவாதியும் ஒரே வீட்டில் நிற்பார்களே... அதே ஏர்வாடி தர்காவில் பிற்பாடு, 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்த்துத் தரும் திட்டம் வந்தது. துவா கேட்க வருகிறவர்கள் அங்கேயே மனநல டாக்டரையும் பார்க்கலாம்.

வீட்டில் யாருக்காவது இப்படி இருக்குமோ என்று சந்தேகமா? அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் போனில் காத்திருக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். திருநீறு நெற்றியிலேயே இருக்கட்டும்!