மண் வாங்கியதை மண்ணே திருப்பித் தரும்

குப்பி விளக்குச் சரிந்து மண்ணெண்ணெய் ஊறிய மண் தரையைக் கவனித்திருப்பீர்கள். காலைக் குளிரில் மணம் அவ்வளவு தெரியாது. வெயில் ஏற ஏற மூக்கைத் துளைக்கும். மண் குடித்த எண்ணெய் ஆவியாகிக் காற்றுக்குத் திரும்புகிறது. டீ.டீ.ரி போன்ற நஞ்சுகளும் இவ்வாறே திரும்புகின்றன. ஆனால் அவை இலகுவில் சிதையாதவை. பல ஆண்டுகள் மண்ணில் தங்கி, சிறிது சிறிதாகவே வெளியேறும்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1843இல் வயற் பரிசோதனைகள் தொடங்கின. அங்கு எடுத்த மண் மாதிரிகளை இன்றுவரை பாதுகாத்து வருகிறார்கள். அத்தகைய பழைய மண்ணை 1990களில் சோதித்தபோது, மின்மாற்றி எண்ணெயாகப் பயன்பட்ட பீ.சீ.பீ என்னும் நஞ்சு அதில் காணப்பட்டது. அதனை எவரும் வயலுக்குத் தெளிக்கவில்லை, காற்றே கொண்டுவந்தது. 1940களிலிருந்து ஏறிய அதன் அளவு, 1970ஐ ஒட்டி உச்சமடைந்து, பாவனை கட்டுப்படுத்தப்பட்டபின் வெகுவாகக் குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி அழியவில்லை, ஆவியாகிக் காற்றோடு போயிற்று என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

மண் எப்போது வாங்கும், எப்போது கொடுக்கும்? இதனைக் கணக்கிடும் வழியைக் கனடாவின் பேராசிரியர் டொனால்ட் மக்கே 1979இல் காட்டினார். மண்ணிலும் காற்றிலும் நஞ்சுக்குள்ள 'தப்பியோடும் நாட்டத்தை' ஒப்பிட வேண்டும். நாட்டம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நஞ்சு நகரும். இரண்டும் சமமானால், போவதும் வருவதும் சரியாகிவிடும். வெப்பம் இந்த நாட்டத்தைக் கூட்டும். மண்ணிலுள்ள உக்கிய சேதனப் பொருள் நஞ்சைப் பிடித்து வைத்து அதனைக் குறைக்கும். காற்று மாசடைந்திருந்த காலத்தில் மண் வாங்கியது. காற்றுச் சுத்தமானதும் அதே மண் திருப்பிக் கொடுக்கிறது.

ஆகவே, தடை வந்த அன்றே நஞ்சு மறைந்துவிடாது. மலேரியாவுக்காக எமது வீட்டுச் சுவர்களுக்கு அடித்த டீ.டீ.ரி 1970களில் கைவிடப்பட்டது. எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடைசெய்தது. ஆயினும், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் களஞ்சியங்களிலும் பழைய மருந்துப் போத்தல்கள் இருக்கக்கூடும்.

காணிக்குத் திரும்பும்போது அப்படி ஏதும் கண்டால் நிலத்தில் ஊற்றாதீர்கள், புதைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். வெறும் போத்தல்தானே என்று தண்ணீர் எடுக்கப் பாவிக்காதீர்கள். பிள்ளைகளை அண்டவிடாமல், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். இன்று நாம் மண்ணில் ஊற்றுவதை, நாளை எம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் மண் திருப்பித் தரும்.