குசினிக் கணக்கு: வாயுவா, மின்சாரமா?

கொழும்பு மாநகருக்கு அடுப்பு வாயு புதிய பொருளன்று. புறக்கோட்டையில் இன்றும் காஸ் வேர்க்ஸ் வீதி என்று ஒரு வீதி உண்டு. நிலக்கரியை வாட்டி வாயு வடித்து, அதனைக் குழாய் வழியே நகருக்கு அனுப்பிய பழைய காலத்தின் நினைவு அப்பெயரில் மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின் மலைநாட்டு அருவிகளின் வலிமையும் நகரத்து வீடுகளை வந்தடைந்தது. ஆயினும் நெடுங்காலம் வரை சமையலை நடத்தியவை விறகும் மண்ணெண்ணெயுமே. சிலிண்டரில் அடைத்த திரவ வாயு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது பின்னர் நேர்ந்தது.

இரண்டில் எது மலிவு என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது 2021ஆம் ஆண்டு ஒக்டோபரிற்குப் பின்னரே. அம்மாதம் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும், 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் ஒரே தாவலில் 2,675 ரூபாவாயிற்று. 2022 ஏப்ரிலில் அது 4,860 ரூபாவை எட்டியது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் வாயு கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைத் தெருவோரத்தில் வரிசையாக வைத்துக் காத்துக் கிடந்தார்கள். மண்ணெண்ணெய்க்குத் திரும்பலாம் என்று எண்ணியவர்களையும் அவ்வாண்டு ஓகஸ்ட் விடவில்லை: லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏற்றப்பட்டன. இவ்வாறு எல்லா வழிகளும் ஒருங்கே குறுகிய பின்னர், அடுப்பைப் பற்றிய கணக்கு சில்லறைக் கணக்காக இருக்கவில்லை. பிள்ளையின் பாடப் புத்தகமும் பெரியவரின் மருந்தும் அக்கணக்கிலிருந்தே வரவேண்டியனவாயின.

கணக்கு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வகுத்தலோடு முக்காற்பங்கு முடிந்துவிடும். திரவ வாயு ஒரு கிலோ எரியும்போது தரும் வெப்பம், மின்சாரத்தில் ஏறத்தாழ 12.8 அலகுக்குச் சமன். எனவே 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் 160 அலகு வெப்பம் அடங்கியிருக்கின்றது. ஆனால் அவ்வளவும் சட்டிக்குள் செல்வதில்லை. தீ நாக்குகள் சட்டியின் பக்கங்களைத் தடவிக்கொண்டு மேலே போய்விடுகின்றன. குசினி சூடேறுவது அதனாலேதான். உண்மையிற் சட்டிக்குச் சேர்வது ஏறக்குறையப் பாதிக்குச் சற்று மேல், 88 அலகு எனலாம். மின்சாரத்தில் வீணாவது குறைவு. சட்டியின் அடித்தட்டையே சூடேற்றும் இன்டக்ஷன் அடுப்பு நூற்றுக்கு 85 பங்கை உணவிற்குக் கொடுக்கும். கம்பிச்சுருள் சிவந்து எரியும் பழைய மின்னடுப்பு 70 பங்கைக் கொடுத்தால் நன்று. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இன்டக்ஷன் அடுப்பு சுமார் 104 அலகிலும், கம்பிச்சுருள் அடுப்பு சுமார் 125 அலகிலும் செய்து முடிக்கும்.

இனிச் சிலிண்டரின் விலையை 104ஆல் வகுக்க வேண்டியதுதான். 2024 ஜூலையில் அதன் விலை 3,690 ரூபா. வகுத்தால் 35 ரூபா 50 சதம் வருகின்றது. மின்சாரம் அலகொன்று அதற்குக் கீழே கிடைத்தால் இன்டக்ஷன் மலிவு. மேலே போனால் வாயு மலிவு. கம்பிச்சுருள் அடுப்புக்கு எல்லை 29 ரூபா 50 சதம்.

இவ்விடத்திலேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். மின்பட்டியலின் மொத்தத் தொகையை மொத்த அலகுகளால் வகுத்து, வரும் சராசரியை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அது பிழை. அடுப்புக்குச் செலவாகும் மின்சாரம் ஏற்கெனவே உள்ள செலவின் மேல் ஏறி நிற்பது. ஆதலின் கடைசிப் படியின் விலையே அதற்கு உரிய விலை. 2024 ஜூலைக் கட்டணத்தைப் பார்க்கலாம். மாதம் 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு முதல் 30 அலகும் 6 ரூபா வீதம், அடுத்த 30 அலகும் 9 ரூபா வீதம். 60ஐத் தாண்டிய வீட்டுக்கோ முதல் அலகிலிருந்தே கணக்கு மாறுகின்றது: 60 வரை 15 ரூபா, 90 வரை 18, 120 வரை 30, 180 வரை 42, அதற்கப்பால் 65.

மேலே கண்ட 35 ரூபா 50 சதத்தை இந்தப் படிகளின் நடுவே நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வெள்ளவத்தை மாடிவீட்டில் குளிரூட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஓடி, பட்டியல் 180 அலகைத் தாண்டியிருக்குமானால், அங்கே மின்சாரத்திற் சோறாக்குவது வாயுவைப் போல ஏறத்தாழ இருமடங்கு செலவு. அவ்வீட்டிலே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதும் வாயு அடுப்பில் நிகழ்வதே நலம். வசதியுள்ளோர் வீட்டிற்கு மின்னடுப்பே நாகரிகம் என்று கருதப்படுகின்றது. ஆனால் கட்டண அட்டவணை நாகரிகத்தைப் பார்ப்பதில்லை.

சிறு குடும்பத்தின் நிலை வேறு. மாதம் 50 அலகு செலவழிக்கும் வீடு ஒன்று, சமையல் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றி இன்னும் 60 அலகு கூட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். முன்னர் அலகுக் கட்டணம் 360 ரூபா. 110 அலகானபின் 2,040 ரூபா. கூடியது 1,680. அதே சமையலுக்கு வாயு ஏறக்குறைய 2,130 ரூபாவுக்கு வேண்டும். 450 ரூபா மிச்சம் போலத் தோன்றும். ஆனால் படி ஏற ஏற நிலையான மாதக் கட்டணமும் பல நூறு ரூபா உயர்வதால், அம்மிச்சம் வந்த வழியே போய்விடும்.

அப்படியாயின் மின்சாரத்தில் இலாபமே இல்லையா? உண்டு, முழுமாற்றத்தில் அன்று, பகுதி மாற்றத்தில். 65 அலகு செலவழிக்கும் வீடு 90 வரை அதே படியில் நிற்கின்றது. அங்கே 20 அலகு கூட்டினால் 360 ரூபாதான். நிலையான கட்டணமும் மாறாது. அந்த 20 அலகு செய்யும் வேலைக்கு வாயு 710 ரூபாவுக்குச் செலவாகும். மாதம் 350 ரூபா மிச்சம். 20 அலகில் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். மின்கேத்தலில் ஒரு அலகுக்குப் பதினொரு லீற்றர் தண்ணீர் கொதிக்கும். நாளொன்றுக்கு மூன்று லீற்றர் கொதிநீரும், ரைஸ் குக்கரில் ஒரு வேளைச் சோறும் அந்த 20 அலகுக்குள் அடங்கும். குழல் பிட்டு, இடியப்பம், சொதி, பொரியல் யாவும் வாயுவிலேயே இருக்கட்டும். படியில் எஞ்சியிருக்கும் இடத்தை மாத்திரம் மின்சாரத்தால் நிரப்புவதே கெட்டிக்காரத்தனம். அதற்கு மாத நடுவில் ஒருமுறை மின்மானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியல் வந்தபின் பார்ப்பதிற் பயனில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து நாலு குடும்பம் குடியிருந்து, மின்மானி ஒன்றே இருக்குமானால், கணக்கு கொடுமையானது. குடும்பத்துக்கு 50 அலகு வீதம் 200 அலகு. தனித்தனி மின்மானி இருந்திருந்தால், நிலையான கட்டணம் நீங்கலாக, நால்வருக்கும் சேர்த்து 1,440 ரூபா. ஒரே மின்மானியில் அது 6,160 ரூபா. சிக்கனமாக வாழும் நாலு குடும்பங்களை அட்டவணை ஒரு செல்வந்தர் குடும்பமாக எண்ணிவிடுகின்றது. ஏழைக்கு உதவ அமைத்த படிமுறை ஏழையின் மேலேயே ஏறி நிற்பது இங்கேதான். இதனைத் திருத்துவது குசினிக்காரரின் கையில் இல்லை. அத்தகைய வீட்டில் ஒருவர் மின்னடுப்பு வாங்கினால், ஏனைய மூவரும் அதற்குப் பணம் கட்டுவர், மனத்தாங்கலும் வரும். அங்கே வாயுவே தகும். ஒரே தடவையிற் பெரிய சிலிண்டர் வாங்க முடியாதவர் 5 கிலோ சிலிண்டரை வாங்குவதால் அதிகம் இழப்பதில்லை. கிலோ விலையிற் பெரும் வேறுபாடு கிடையாது.

மேலே கூறிய விலைகள் 2024 ஜூலைக்கு உரியவை. மின்கட்டணம் 2025 ஜனவரியில் சராசரி 20 வீதம் இறங்கி, அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் ஏறியது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய கட்டணத்தை அறிவிக்கும் போதெல்லாம் வகுத்தலை மறுபடி செய்துகொள்ள வேண்டும். 104 என்ற எண் மாறாது, மற்றவை மாறும்.

விலைக்கு அப்பாலும் சில உள. 2,000 உவாட் இன்டக்ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் மின்சாரம் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் செருகுதுளையில் அதனை மாட்டுவது சுவரினுள் நெருப்பு வைப்பதற்கு ஒப்பாகும். 13 அம்பியர் துளையும் அதற்கேற்ற கம்பியும் வேண்டும். மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் அவ்வடுப்பிற் சூடாகா. கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் சென்றால், சட்டியின் அடியில் அது ஒட்டுகின்றதா என்று பார்த்து வாங்கலாம். எவர்சில்வரிலும் ஒட்டாத வகை உண்டு. குழிந்த தாச்சியும் உதவாது. அடி தட்டையாக இருக்க வேண்டும்.

வாயுவின் ஆபத்து வேறு வகை. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல இடங்களில் வாயு அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் பெரிய விவாதமாயிற்று. கலவை எதுவாயினும் இவ்வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலே தேங்கும். கடற்காற்று வீசும் மரைன் டிரைவ் வீட்டிலும் யன்னலைச் சாத்தி வைத்தால் பயனில்லை. மணம் எழுந்தால் றெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறக்க வேண்டும். மின்விளக்கின் ஆளியைத் தொடலாகாது.

மின்சாரத்தை மாத்திரம் நம்பியிருப்பதும் சங்கடமே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. வாயுவுக்கு வரிசையில் நின்ற காலமும் மின்சாரம் இல்லாத காலமும் ஒன்றாகவே வந்ததை 2022 காட்டியது. ஆகவே மின்னடுப்பு வாங்கிய வீடுகளிலும் சிறு சிலிண்டர் ஒன்று மூலையில் நிற்கின்றது.