மரக்கறியின் சத்தை அடுக்களையிற் பேணுதல்

மரக்கறி விளைவிக்கும் கமக்காரர் நிலத்தைப் பண்படுத்தி, பசளையிட்டு, நீரிறைத்துப் பல வாரங்கள் பாடுபடுகின்றார். அப்பாட்டின் பயன் சந்தையிற் பெறும் பணம் மட்டுமன்று. தம் வீட்டாரின் உடல்நலமும் அதன் பயனேயாகும். எனினும், தோட்டத்திற் பல வாரம் பாடுபட்டுத் தேடிய சத்து, சமைக்கும் முறை பிழைத்தால் அடுப்பிற் கால்மணி நேரத்தில் வீணாகிவிடும்.

மரக்கறிச் சத்துக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. விற்றமின் சீ நீரிற் கரையும். வெப்பத்தாலும் காற்றாலும் அழியும். விற்றமின் பீ வகைகளும் நீரிற் கரைவன. கரோட்டின் நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும். அது உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. விற்றமின் ஏ குறையுமாயின் பிள்ளைகளுக்கு மாலைக்கண் உண்டாகும். குறை முற்றினால் பார்வையே போய்விடலாம். ஆகவே, மரக்கறியின் தன்மை அறிந்து சமைத்தல் வேண்டும்.

கழுவிய பின்னரே நறுக்குதல்

மரக்கறியை முதலிற் கழுவி, அதன் பின்னரே நறுக்குதல் வேண்டும். நறுக்கிய பின் கழுவினால், வெட்டுவாய் வழியே சத்து நீருடன் போய்விடும். துண்டுகள் சிறுக்குந்தோறும் நட்டமும் பெருகும். காலையில் நறுக்கி, நண்பகல்வரை நீரில் ஊறவிடும் வழக்கம் கைவிடத்தக்கது. பீடைநாசினி தெளித்த பயிரைக் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது. கழுவுவதால் மட்டும் நஞ்சு முற்றாக நீங்காது.

அவித்தல்

போஞ்சி, கோவா, பயிற்றங்காய் முதலியவற்றைக் கொதிக்கும் நீரிலிட்டு, பானையை மூடி, பதமானவுடன் இறக்குதல் நன்று. நீர் அளவாக இருத்தல் வேண்டும். அவித்த நீரைக் கொட்டிவிடாது சொதிக்கோ இரசத்துக்கோ பயன்படுத்தலாம். பச்சை நிறம் மங்காதிருக்கச் சிலர் அப்பச் சோடா இடுவர். நிறம் நிற்கும், ஆனால் விற்றமின் சீயும் தயமினும் அழியும்.

இலைக்கறிகள்

முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி ஆகியவற்றிற்கு வறையே சிறந்தது. கழுவிய இலையில் ஒட்டியுள்ள ஈரமே போதும். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். தேசிப்புளியை இறக்கிய பின்னரே விடவேண்டும். அடுப்பில் விட்டால் இலை நிறம் மங்கும், புளியிலுள்ள விற்றமின் சீயும் குறையும். அவ்விற்றமின் இலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கத் துணைசெய்யும். உணவுண்டவுடன் தேநீர் அருந்துதல் அதற்குத் தடையாகும். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் செய்தால் வெப்பத்தால் வரும் நட்டம் இல்லை. ஆயின் தூய நீரிற் பலமுறை அலசுதல் அவசியம்.

பூசணியும் கரட்டும்

இவற்றிலுள்ள கரோட்டினை உடம்பு ஏற்கக் கொழுப்பு வேண்டும். எனவே தேங்காய்ப்பாலிற் சமைக்கும் பாற்கறி இவற்றிற்கு மிகவும் பொருத்தமானது. கரட்டைப் பச்சையாக உண்பதிலும் சமைத்து உண்பதால் கரோட்டின் கூடுதலாகக் கிடைக்கும்.

மரவள்ளிக்குத் தனிமுறை

மேற்கூறிய விதிகள் மரவள்ளிக்குப் பொருந்தா. இக்கிழங்கிலுள்ள ஒரு பொருளிலிருந்து ஐதரோசயனிக்கமிலம் என்னும் கொடிய நஞ்சு உண்டாகின்றது. அது ஏறக்குறைய 26 பாகை செல்சியசிற் கொதித்து ஆவியாவது. ஆதலின் தோலை முற்றாக உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில், மூடாத பானையில் நன்கு அவித்து, அந்நீரைக் கொட்டிவிடல் வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணலாகாது. இங்கே சத்தைக் காப்பதிலும் உயிரைக் காப்பதே முதன்மையானது.

இம்முறைகளுக்கு மேலதிகச் செலவு யாதுமில்லை. விறகும் நேரமும் மிஞ்சும். நல்லனவெல்லாம் சந்தைக்கும் கழிவன வீட்டுக்கும் என்றிராது, விளைவில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, அதனை முறையறிந்து சமைத்துக் கொடுக்கும் இல்லத்திற் கமக்காரரின் உழைப்பு முழுப்பயனையும் தரும்.