தொலைவில் ஒரு கை

கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த கற்களில் சொரசொரப்பானது எது? தடவிப் பார்த்து அதை மட்டும் எடுக்க வேண்டும். தடவுவது ரோபோவின் விரல். அதை இயக்குபவர் இருப்பது வேறு அறையில். 2022 நவம்பரில் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நடந்த, தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக்களுக்கான அவதார் எக்ஸ்பிரைஸ் இறுதிப் போட்டியின் கடைசிச் சோதனை இது. இயக்கியவர் ரோபோவை உருவாக்கிய பொறியாளர் அல்ல; கொஞ்ச நேரமே பயிற்சி பெற்ற நடுவர். அதனால் ரோபோவோடு சேர்த்து அதன் இயக்க இருக்கைக்கும் அங்கே மதிப்பெண் விழுந்தது. பத்துப் பணிகளையும் முடித்து 50 லட்சம் டாலரை வென்றது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக நிம்ப்ரோ அணி.

அவர்கள் அமைத்த இருக்கையில் தலைக்கு விஆர் கண்ணாடி, கைகளுக்கு விசையைத் திருப்பித் தரும் இயந்திரக் கைகள், ரோபோவை நகர்த்தக் காலடியில் ஒரு பலகை. ரோபோ பாரத்தைத் தூக்கினால் கனம் இயக்குபவரின் கையில் தெரியும்.

பெரிய தொல்லை தாமதம்தான். நீங்கள் தலையைத் திருப்பியதும் ரோபோ கழுத்தைத் திருப்பி, புதுப் படம் வந்து சேரச் சற்று நேரமாகும். அதுவரை காட்சி அசையாமல் நின்றால் தலைசுற்றும், குமட்டும். நிம்ப்ரோ அணி என்ன செய்தது? கடைசியாக வந்த அகலக் கோணப் படத்தை ஒரு கோளத்தின் உட்புறத்தில் விரித்தது. தலை திரும்பிய அந்தக் கணமே அந்தப் படத்துக்குள் பார்வை திரும்பிவிடும். ரோபோவின் கழுத்து பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். திரை முழுக்க எண்களையும் அளவுமானிகளையும் நிரப்பும் வடிவமைப்பாளர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இயக்குபவருக்கு முதலில் வேண்டியது கூடுதல் தகவல் அல்ல, உடலை ஏமாற்றாத காட்சி.

தொடுதலில் இந்த உத்தி எடுபடாது. ரோபோ விரல் சுவரில் இடித்த சேதி தாமதமாக வந்தால், அதற்குள் நம் கை மேலும் அழுத்தியிருக்கும். பிறகு வரும் எதிர்விசை கையைத் தள்ளும், நாம் பின்வாங்குவோம், ரோபோ நடுங்கத் தொடங்கும். தாமதம் இன்னும் நீண்டால் நேரடியாக இயக்கவே முடியாது. செவ்வாய்க் கோளுக்குச் செய்தி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆவதால், அங்குள்ள ஊர்திகளை யாரும் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதில்லை. வேலைத் திட்டத்தை மொத்தமாக அனுப்பிவிடுகிறார்கள்.

தொலைவு இல்லாவிட்டாலும் தொடுதல் சிக்கல்தான். டாவின்சி அறுவை ரோபோவில் மருத்துவர் பெரும்பாலும் நோயாளி இருக்கும் அதே அறையில்தான் இருக்கிறார். ஆனாலும் மெல்லிய கருவிகளின் முனையில் விசையை அளப்பது எளிதாக இருக்கவில்லை. 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறைக் டாவின்சியில்தான் விசையைக் கையில் உணரும் வசதி வந்தது. அதுவரை தையல் நூலின் இறுக்கத்தை, திசு இழுபடும் விதத்தைக் கண்ணால் பார்த்தே மருத்துவர்கள் கணித்துவந்தார்கள்.