தொழில் விருத்தியும் கைம்முதலும்

நமது ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்களில் அநேகர் விவசாயத்துடன் ஏதேனும் ஒரு சிறு தொழிலையும் நடத்தி வருகிறார்கள். செக்காட்டுவோர், தறி நெய்வோர், பால் சேகரித்து விற்போர், மளிகைக் கடை வைத்திருப்போர் முதலிய இவர்கள் கடன் கோரிச் சங்கத்துக்கு வரும்போது பெரும்பாலும் கூறும் காரணம் ஒன்றே. வியாபாரம் நன்றாக நடக்கிறது, அதை விருத்தி செய்ய வேண்டும் என்பதே அது. நஷ்டத்தில் நடக்கும் வியாபாரத்திற்கு வரும் ஆபத்தை எவரும் அறிவர். லாபத்தில் நடக்கும் வியாபாரம், விருத்தி செய்யப்பட்ட காரணத்தினாலேயே முடங்கிப் போவதும் உண்டென்பதைப் பலர் அறியார். அவ்வாறு முடங்குமாயின், அடகு வைத்த நகை போவதுடன், ஜாமீன் நின்ற அயலாரும் கடனுக்குப் பொறுப்பாளியாகிறார். ஆகையால் இது தொழில் செய்வோரை மட்டும் சார்ந்த விஷயமன்று.

விஷயம் விளங்கும் பொருட்டு, நிலக்கடலை ஆட்டி எண்ணெய் விற்கும் செக்குக்காரர் ஒருவரைக் கற்பித்துக் கொள்வோம். அவரிடம் மின்சார மோட்டாரால் ஓடும் மரச்செக்கு ஒன்று உள்ளது. மாதம் 1,000 கிலோ கடலைப் பருப்பு ஆட்டுகிறார். விலைகள் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறுமாகையால், கணக்கின் வசதிக்காகவே கீழ்க்கண்ட தொகைகளை வைத்துக் கொள்கிறோம்; வாசகர்கள் தத்தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

பருப்புக் கிலோ 100 ரூபாய் வீதம் கொள்முதல் 1,00,000 ரூபாய். கூலி, மின்சாரம், வாடகை, டின், வண்டிச் சத்தம் ஆகியவை 17,200. ஆகச் செலவு 1,17,200 ரூபாய். மரச்செக்கில் நல்ல பருப்பு நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய் காணும் என்று கொண்டால், 400 கிலோ எண்ணெய் கிடைக்கும். கிலோ 260 வீதம் இதன் கிரயம் 1,04,000. பிண்ணாக்கு 580 கிலோ, 40 ரூபாய் வீதம் 23,200. ஆக வரவு 1,27,200 ரூபாய். மிச்சம் 10,000 ரூபாய். அவரும் அவர் மனைவியாரும் செய்யும் வேலைக்கு இக்கணக்கில் கூலி போடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். லாபம் என்று அவர்கள் நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் அவர்களது கூலியே.

இப்பொழுது நகரத்துக் கடைக்காரர் ஒருவர் வருகிறார். செக்கு பாதி நாள் சும்மா நிற்பதைக் காண்கிறார். இன்னும் ஒரு 400 கிலோ எண்ணெய் மாதந்தோறும் தாம் எடுத்துக் கொள்வதாகவும், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொள்ள வேண்டுமென்றும், பணம் 45 நாளில் தருவதாகவும் கூறுகிறார். செக்குக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். 10,000 லாபத்தில் விலைக் குறைப்பு 4,000 போக, மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். புதிய யந்திரம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இதை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அவர் எண்ணாமல் விட்டது நாட்களை.

பணம் எத்தனை நாள் வெளியே நிற்கிறது

ஒரு ரூபாய் கையை விட்டுப் பருப்பாக மாறிய நாள் முதல், எண்ணெயாக விற்று மீண்டும் ரூபாயாகக் கைக்கு வரும் நாள் வரை எண்ண வேண்டும். நமது செக்குக்காரர் பருப்பை ரொக்கத்துக்கே வாங்குகிறார். வாங்கிய பருப்பு ஆட்டுவதற்குமுன் சராசரி 15 நாள் மூட்டையில் இருக்கிறது. ஆட்டிய எண்ணெய் கசடு படிந்து தெளிய 5 நாள். உள்ளூர்க்காரர்கள் பாத்திரம் கொண்டுவந்து ரொக்கம் கொடுத்து வாங்கித் தீர 5 நாள். ஆக 25 நாள். பிண்ணாக்கு மாடு வைத்திருப்போரிடம் உடனுக்குடன் பணமாகி விடுவதால் அத்தொகையைச் செலவில் கழித்துவிட்டால், மாதம் அவர் போட வேண்டிய பணம் 94,000 ரூபாய். 25 நாளுக்கு இது ஏறக்குறைய 78,000 ரூபாயாகிறது. அவர் இப்போது நடத்தும் வியாபாரத்துக்கு வேண்டிய கைம்முதல் இவ்வளவே.

நகரத்துக் கடைக்குக் கொடுக்கும் சரக்கின் கணக்கோ வேறு. 15 நாளும் 5 நாளும் முன்போலவே. அதன்மேல் கடன் தவணை 45 நாள். ஆக 65 நாள். அதே 94,000 ரூபாய்ச் சரக்குக்கு வேண்டிய கைம்முதல் ஏறக்குறைய 2,04,000 ரூபாய். வியாபாரம் இரட்டித்தது, கைம்முதலோ 78,000-லிருந்து 2,82,000 ஆயிற்று, அதாவது மூன்றரை மடங்குக்கு மேல்.

இந்த 2,04,000 ரூபாயை அவர் எங்கிருந்து கொண்டு வருவார்? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்தால் வட்டி 2,040 ரூபாய் போக ஏறக்குறைய 4,000 நிற்கும். இரண்டு ரூபாய் வட்டியானால் 4,080 போய்விடும். வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டி 6,120. கூடுதல் லாபம் 6,000. அதாவது செக்கை இரட்டிப்பு நேரம் ஓட்டி, உழைப்பையும் இரட்டித்து, மாதம் 120 ரூபாய் கைப்பிடிப்பு!

இன்னுமொன்று உண்டு. 45 நாள் என்று சொன்ன கடைக்காரர் 75 நாளில் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இது அபூர்வமன்று. அப்போது 65 நாள் 95 நாளாகி, வேண்டிய பணம் ஏறக்குறைய 2,98,000 ஆகும். இரண்டு ரூபாய் வட்டியிலேயே மாதம் 5,950 ரூபாய்க்கு மேல் போய்விடும். இவ்வளவுக்கும் புத்தகத்தில் லாபம் லாபமாகவே எழுதப்பட்டிருக்கும். கல்லாவில் மட்டும் அடுத்த மூட்டை வாங்கப் பணமிராது. பணமில்லாமையால் செக்கு நிற்கும். செக்கு நின்றால் ரொக்கம் கொடுத்து வந்த உள்ளூர்க்காரர்களும் வேறிடம் போவார்கள். தொழில் முடங்கும் விதம் இதுதான்.

கடன் விற்பனை பற்றி

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 28 பேர் சேர்ந்து 28 பவுன் மூலதனத்துடன் ஒரு பண்டகசாலை திறந்தார்கள் என்பதையும், இன்று உலகெங்குமுள்ள ஐக்கிய இயக்கம் அதனையே முன்மாதிரியாகக் கொண்டது என்பதையும் அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று சொற்பச் சரக்குகளே அங்கு இருந்தன. அவர்கள் வைத்துக் கொண்ட விதிகளில் ஒன்று, எவருக்கும் கடனில்லை, ரொக்கத்துக்கே விற்பனை என்பது. இவ்விதி வெறும் கண்டிப்பால் வந்ததன்று. அதே ஊரில் 1833-ல் தொடங்கிய முந்தைய ஐக்கியக் கடையொன்று, கடன் கொடுத்ததனாலேயே இரண்டு வருஷங்களில் மூடப்பட்டிருந்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் பின்னவர்கள் தமது விதியை அமைத்தார்கள். நம் ஊர்க் கடைகளில் “கடன் அன்பை முறிக்கும்” என்று பலகை மாட்டுவோரும் இதே அனுபவத்தைத்தான் சொல்லுகிறார்கள். பலகைக்குக் கீழேயே கடன் நோட்டும் தொங்குவது வேறு விஷயம்.

எனினும், கடனே கொடாமல் நகரத்துக் கடைகளுடன் வியாபாரம் செய்வது இக்காலத்தில் கடினம் என்பதை நாம் ஒப்புக் கொள்கிறோம். ஆகவே நாட்களைக் குறைப்பதே வழி. மாதம் ஒருமுறை 400 கிலோ அனுப்புவதற்குப் பதிலாகச் சிறு சிறு தொகுதிகளாக அனுப்பி, முந்தின பட்டியலின் பணம் வந்த பிறகே அடுத்த சரக்கை இறக்குவது என்று ஆரம்பத்திலேயே பேசிக் கொள்ளலாம். இதனால் கடன் 15 நாளுக்குள் அடங்குமாயின், வேண்டிய கைம்முதல் 2,04,000-லிருந்து ஏறக்குறைய 1,10,000 ஆகக் குறையும். இதற்காகக் கிலோவுக்கு இன்னும் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் கொடுக்கலாம். அது மாதம் 800 ரூபாய்; மிச்சமாகும் வட்டியோ, இரண்டு ரூபாய் வீதத்தில், 1,880 ரூபாய். விலையில் விட்டுக் கொடுக்க மறுத்து நாட்களில் விட்டுக் கொடுப்பது நம்மவரிடையே சாதாரணமாகக் காணப்படும் தவறு.

சட்டத்தின் உதவியும் உண்டு. 2006ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு செய்துகொண்ட குறுந்தொழில் அல்லது சிறுதொழில் உற்பத்தியாளருக்குச் சேர வேண்டிய பணத்தை, எழுத்து மூலமான உடன்படிக்கை இருந்தால் அதில் கண்ட தவணையில், எவ்வகையாலும் 45 நாளுக்கு மேற்படாமல், வாங்கியவர் கொடுத்தாக வேண்டும். உடன்படிக்கை இல்லாவிட்டால் தவணை 15 நாளே. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். நாளையும் வியாபாரம் செய்ய வேண்டிய ஒருவர் மேல் இன்று மனுக் கொடுக்க எவரும் எளிதில் துணியார் என்பது உண்மையே. ஆயினும் தேதியிட்ட பட்டியலும், சரக்குப் பெற்றதற்குக் கையொப்பமும் இருந்தால்தான் கேட்கும்போது பேச்சுக்குப் பலம் இருக்கும். வாய்ச்சொல்லில் சரக்கு இறக்குவோருக்கு அந்தப் பலமும் இல்லை.

சொந்த மிச்சத்தைக் கொண்டு வளர்வது

மாதம் 10,000 மிச்சத்தில் 3,000 ரூபாயைக் குடும்பச் செலவுக்கு எடுக்காமல் தொழிலிலேயே விட்டுவைத்தால் வருஷத்தில் 36,000 ரூபாய் சேரும். ரொக்க வியாபாரத்தில், அதாவது 25 நாள் கணக்கில், இத்தொகையைக் கொண்டு மாதம் இன்னும் 460 கிலோ பருப்பு வரை ஆட்டலாம். 65 நாள் கடன் வியாபாரத்தில் அதே தொகை 177 கிலோவுக்குத்தான் காணும். ஆகவே நகரத்துக்கு ஓடுமுன், பக்கத்துக் கிராமத்துச் சந்தையில் வாரம் ஒரு நாள் டின்னுடன் உட்கார முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பெருமை குறைவு, பணம் அன்றைக்கே வரும்.

இதற்கு முதலில் தொழிற்பணமும் வீட்டுப்பணமும் பிரிய வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கல்லாவிலிருந்து போகிறது. வீட்டுச் சமையலுக்கு எண்ணெய் டின்னிலிருந்து போகிறது. இரண்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. தமக்கென்று மாதம் ஒரு தொகையைக் கூலியாக வைத்துக் கொண்டு அதை மட்டும் எடுப்பதும், வீட்டுக்கு எடுத்த எண்ணெய்க்குப் பற்று எழுதுவதும் போதும். ரொக்கப் புத்தகம் ஒன்று, வர வேண்டியதும் கொடுக்க வேண்டியதும் தேதியுடன் எழுதும் நிலுவைப் புத்தகம் ஒன்று, இவ்விரண்டுக்கு மேல் வேண்டாம்.

கடன் வாங்குவதாயின்

யந்திரத்துக்கு வாங்கும் கடன் வேறு, சரக்குக்கு வாங்கும் கடன் வேறு. செக்கு பல வருஷம் உழைத்துத் தன் விலையைத் தரும்; அதற்குச் சில வருஷத் தவணைக் கடனே பொருத்தம். கடலை வாங்க வைத்திருந்த பணத்தை இரண்டாவது செக்கில் போட்டுவிட்டு, கடலைக்கு நாள் வட்டிக்காரரிடம் போவது மிகவும் அபாயகரமானது.

சரக்குக் கடனுக்கு வங்கிகள் கையாளும் முறையொன்று 1992-ல் நாயக் கமிட்டியின் சிபார்சினால் ஏற்பட்டது. எதிர்பார்க்கும் வருஷ விற்பனையில் நூற்றுக்கு 25 பங்கு கைம்முதல் வேண்டுமென்று கொண்டு, அதில் 20 பங்கை வங்கி கொடுக்க, 5 பங்கைத் தொழில் செய்பவர் போட வேண்டும் என்பதாம். நமது செக்குக்காரருக்கு விற்பனை இரட்டித்தால் வருஷத்தில் ஏறக்குறைய 30 லட்சம். ஆகவே வங்கி 6 லட்சம் வரை கொடுக்கவும், அவர் ஒன்றரை லட்சம் போடவும் இம்முறை இடந்தருகிறது. 25 பங்கென்பது மூன்று மாதச் சுழற்சியை மனத்தில் வைத்த கணக்கு. 65 நாளுக்கு அது தாராளம். ஆனால் அறுவடையில் விலை இறங்கியிருக்கிறதென்று ஆறு மாதக் கடலையை ஒரே முறையில் வாங்க நினைத்தால், இரட்டித்த தொழிலுக்கு 12,000 கிலோவுக்கு 12 லட்சம் வேண்டும்; மேற்படி ஏழரை லட்சம் எட்டாது. மேலும், உடைத்த பருப்பு நெடுநாள் தாங்காது. ஈரம் சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடித்து நஞ்சு உண்டாகும். இருப்பு வைப்பதானால் நன்கு உலர்த்தித் தோலுடன் வைக்க வேண்டும். அதற்கு இடமும் பெரிது. விளைபொருளின் மேல் ஈட்டுக் கடன் தரும் சங்கங்கள் உள்ள இடங்களில், கடலை விளைவித்த விவசாயி தம் சரக்கைச் சங்கக் கிடங்கில் வைத்துக் கடன் பெற்றுக் கொள்ள, செக்குக்காரர் அவரிடம் மாதாமாதம் வேண்டிய மட்டும் வாங்கினால் இருவருக்கும் அனுகூலம். இருப்பின் பாரம் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

விருத்திக் கடனுக்கு மனு வரும்போது பஞ்சாயத்தார் பெரும்பாலும் யந்திரத்தின் விலைப் பட்டியலையும் ஜாமீன்தாரரின் நிலப் பத்திரத்தையுமே பார்க்கிறார்கள். அவற்றுடன், சென்ற மூன்று மாத நிலுவைப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, யார் யாரிடம் எவ்வளவு, எந்தத் தேதியில் வர வேண்டியது, எந்தத் தேதியில் வந்தது என்று வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மனுதாரரிடம் அப்படியொரு புத்தகமே இல்லையானால், மனுவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, அதற்குள் எழுதி வரும்படி சொல்லலாம். ஜாமீன் நிற்பவரும் கையொப்பமிடுமுன் அதே புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பதில் யாதொரு மரியாதைக் குறைவும் இல்லை.