ஓட்டுபவரைவிட எடை குறைந்த படகு

லேசர் என்ற பாய்மரப் படகின் உடல் மட்டும் 59 கிலோ. பந்தயத்தில் அதை ஓட்டும் ஆண்கள் பெரும்பாலும் 80 கிலோவை ஒட்டி இருப்பார்கள். சைக்கிளைப் போல, ஏறி உட்காருபவரைவிட இலேசான வாகனம் இது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் படகைப் பற்றிய மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

கனடாவில் 1969-ல் ஒரு தொலைபேசி உரையாடலில் இதன் கதை தொடங்குகிறது. முகாமுக்குப் போகிறவர்கள் காரின் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லும்படி ஒரு நிறுவனத்துக்காகச் சிறு படகு வேண்டும் என்று படகு கட்டும் இயன் புரூஸ் கேட்டார். மறுமுனையில் இருந்த புரூஸ் கிர்பி, கனடாவுக்காக ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். பேசிக்கொண்டே கையில் கிடைத்த தாளில் கோடுகள் கிறுக்கினார். பாய் தைத்தவர் டென்மார்க்கில் பிறந்த ஹான்ஸ் ஃபோக். கேட்ட நிறுவனம் பின்வாங்கிவிட, வரைபடம் அப்படியே கிடந்தது. 1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மலிவான சிறு படகுகளுக்காக நடந்த பந்தயத்தில் மாதிரிப் படகை இறக்கினார்கள். முதல் நாள் அது முந்தவில்லை. அன்றிரவே பாயைத் திருத்தித் தைத்தார் ஃபோக், மறுநாள் முந்தியது. 1971 தொடக்கத்தில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தார்கள். 144 படகுகள் அங்கேயே விற்றன. இன்றுவரை கட்டப்பட்டவை 2 லட்சத்துக்கும் மேல். உலகப் போட்டிகளில் இப்போது ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. படகுக்காரர்கள் வாயில் லேசர் என்பதே நிற்கிறது.

நீளம் 4.2 மீட்டர். கண்ணாடியிழையில் வார்த்த உடல், இரண்டு துண்டாகக் கழன்று ஒன்றுக்குள் ஒன்று செருகும் பாய்மரம், கீழே கிடையாக ஒரு கழி, பின்னால் சுக்கான், நடுவில் துளைவழியே தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பலகை, 7.06 சதுர மீட்டரில் ஒரே ஒரு பாய். பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கப் பக்கக் கம்பிகள் கிடையாது. பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் உறையைத் தலையணை உறைபோல மரத்தில் மாட்டிக் குழியில் நட்டால் வேலை பாதி முடிந்தது. தனியாள் கால் மணி நேரத்தில் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடலாம். பொருளைக் கூட்டாமல் இத்தனை செய்ய முடிந்ததே என்று எனக்கு இன்றும் வியப்பு.

காற்று முதுகில் அடிக்கும்போது பாய்மரப் படகு நகர்வதில் புரியாதது ஒன்றுமில்லை. காற்று வரும் திசையை நோக்கியே படகு முன்னேறுவதுதான் பலருக்கு நம்ப முடியாதது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டை முன்னால் பாய்கிறது. படகில் ஒரு விரல் காற்று. வளைந்த பாயைத் தழுவி ஓடும் காற்று திசை மாறும்போது பாயைப் பக்கவாட்டிலும் சற்று முன்னாலும் இழுக்கிறது. மற்ற விரல் தண்ணீர். உள்ளே இறங்கிய நடுப்பலகை, படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது முன்னோக்கிய உந்தல். நேர் எதிரே எந்தப் படகும் போகாது. பாய் கொடிபோலப் படபடத்து நின்றுவிடும். காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை ஒதுங்கி வலம் கொஞ்சம், இடம் கொஞ்சம் என்று மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுபோல மாறி மாறி ஏற வேண்டும்.

பாய் சரியாக இழுக்கிறதா என்று சொல்ல அதில் ஒட்டிய கம்பளி நூல்கள் போதும். இருபக்க நூலும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் காற்று பாயைச் சீராகத் தழுவுகிறது. ஒரு பக்க நூல் துள்ளினால் கயிற்றையோ சுக்கானையோ விரற்கடை அளவு திருத்த வேண்டும். விமான இறக்கை பற்றிய பாடத்தை இந்த இரண்டு நூல்களைவிடத் தெளிவாக நடத்தும் ஆசிரியரை நான் கண்டதில்லை.

அந்தப் பக்கவாட்டு இழுப்பு படகைச் சாய்க்கவும் செய்யும். பெரிய படகுகளில் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கி நிமிர்த்தும். லேசரில் அப்படி எதுவும் இல்லை; அந்தக் கனம் ஓட்டுபவரேதான். படகின் நடுவே ஓடும் பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு, தொடை விளிம்பில் பட, உடல் முழுவதையும் தண்ணீர்மேல் மல்லாக்க நீட்ட வேண்டும். ஒரு கையில் பாயின் கயிறு, மறு கையில் சுக்கான்பிடியின் நீட்டம். காற்று ஓங்கினால் இன்னும் வெளியே; தளர்ந்தால் உள்ளே. தண்ணீர்மேல் கருமையாக ஒரு சுருக்கம் ஓடிவருவதைப் பார்த்தவுடன், காற்று வந்து சேருமுன் உடல் வெளியே போயிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தொடை எரியும்.

இந்த வேலை நம் கடலோரத்துக்குப் புதிதல்ல. பாக் நீரிணையில் தொண்டிப் பக்கத்து மீனவர்கள் வத்தை என்ற படகுகளில் நடத்தும் பாய்மரப் பந்தயத்தில், படகுக்குக் குறுக்கே வெளியே நீளும் பலகையின்மேல் ஆட்கள் ஏறிக் காற்றின் சாய்ப்புக்கு ஈடுகொடுப்பார்கள். பலகையில் ஏறி நிற்பவருக்கும் பட்டையில் கால் கோத்தவருக்கும் காற்று கொடுக்கும் கணக்கு ஒன்றுதான்.

கணக்கு தப்பினால் லேசர் கவிழும். கவிழாமல் யாரும் கற்றதில்லை. தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் ஏறி நின்று உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் படகு நிமிரும். உள்ளே வந்த தண்ணீர், படகு வேகம் பிடித்ததும் அடித்துளை வழியாகத் தானே உறிஞ்சப்பட்டு வெளியேறும்.

வட அமெரிக்க ஏரிக்கரைகளில் கோடை மாலைகளில், வேலை முடிந்து வருகிறவர்கள் இந்தப் படகுகளை இறக்கிப் பந்தயம் விடுகிறார்கள். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும்போது கொடி அசையும், ஒலி எழும். பிரேக் இல்லாத படகுகள் கோட்டை முந்தாமலும் பிந்தாமலும் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். பிறகு காற்றுக்கு எதிரே இருக்கும் மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டில் வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே வழி. மற்றது விலக வேண்டும். இடித்தாலோ வழி மறித்தாலோ பெரும்பாலும் விசில் அடிக்க யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். தவறு செய்தவர் தாமே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்காத தொலைவில் ஒருவர் தமக்குத் தாமே தண்டனை கொடுத்து இரண்டு இடம் பின்தங்குகிறாரே, இந்த விளையாட்டில் நான் பெரிதும் மதிப்பது அதைத்தான்.

காற்றே இல்லாத மாலைகளில் அதே கரையில் துடுப்பால் ஓட்டும் கயாக்குகள் இறங்கும். கோடையில் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக் எவருக்கும் பொருந்தும். முதல் நாளே ஓட்டலாம். அதன் மூதாதை அப்படியில்லை. ஆர்க்டிக் கரையின் இனுயிட் வேட்டைக்காரர்கள், ஒதுங்கிய மரக்கட்டையில் சட்டம் கட்டிச் சீல் தோல் போர்த்திய கயாக்கை ஓட்டுபவரின் கை விரிப்பாலும் இடுப்பாலும் அளந்துதான் செய்தார்கள். உறைநீரில் கவிழ்ந்தால் இறங்காமலே துடுப்பால் உருண்டு எழ வேண்டும். உடையைப்போல உடலோடு ஒட்டியிருந்தால்தான் அது முடியும். ஒருவருக்கு அளந்தது இன்னொருவருக்கு ஆகாது.

லேசரில் இது தலைகீழ். உடல் எல்லோருக்கும் ஒன்றே. மாறுவது பாயும் பாய்மரத்தின் கீழ்த் துண்டும் மட்டும். எடை குறைந்தவர்களுக்கு 5.76 சதுர மீட்டர் பாய், இளையோருக்கு 4.7. பெரிய பாய் 1996-லும் அடுத்தது பெண்களுக்காக 2008-லும் ஒலிம்பிக்குக்கு வந்தன. சென்னையில் 2009-ல் ஒரு கோடை முகாமில் படகேறிய சிறுமி நேத்ரா குமணன், நடுத்தரப் பாயில் 2020 மயாமி உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வாங்கினார். மறு ஆண்டு ஓமானில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பதினேழு வயது நேஹா தாக்கூர் மிகச் சிறிய பாயில் வெள்ளி வென்றார். விஷ்ணு சரவணன் மிகப் பெரிய பாயில் வெண்கலம். இருவர் காலடியில் இருந்ததும் கிர்பி தாளில் கிறுக்கிய அதே 4.2 மீட்டர் உடல்.